கதீஜா நாயகி, ஆயிஷா நாயகிக்குப் பிறகு யார்?

கேள்வி இதுதான்: மீலாது விழாப் பேச்சுப் போட்டியில் மகள் ‘இஸ்லாமிய வரலாற்றில் பெண்கள்’ என்ற தலைப்பை எடுத்திருக்கிறாள். கதீஜா, ஆயிஷா, ஃபாத்திமா நாயகிகளைச் சொல்லி முடித்ததும் அடுத்து யாரைச் சொல்வதென்று தெரியவில்லை. அவர்களுக்குப் பிறகு வந்த பெண்கள் பெரிதாக எதுவும் செய்யவில்லையா?

செய்திருக்கிறார்கள். நிறையவே செய்திருக்கிறார்கள். இது என் மனதுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். தேவையானதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வீராங்கனைகளையும் அரசிகளையும் வரிசையாகச் சொல்வார்கள். உஹுதுப் போரில் நபி (ஸல்) அவர்களுக்கு அரணாக நின்று வாள் பிடித்த நுஸைபா (ரலி), 1236 முதல் 1240 வரை டெல்லியை ஆண்ட ரஸியா, கணவர் இறந்த செய்தியை வெளியே விடாமல் மறைத்து வைத்துச் சிலுவைப் படையை எதிர்கொண்டு 1250ல் எகிப்தின் அரியணை ஏறிய ஷஜருத் துர் என்று போகும். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் என்னைக் கேட்டால் பெண்களின் மிகப் பெரிய பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. குர்ஆன், ஹதீஸ் (நபியவர்களின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகள்), ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) என்று மார்க்கம் எவற்றின் மேல் நிற்கிறதோ, அவை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறி வந்த வழியெங்கும் பெண்கள் நிற்கிறார்கள். அந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஹஃப்ஸா (ரலி). உமர் (ரலி) அவர்களின் மகள், நபியவர்களின் மனைவி. எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததும் ஒரு பெண்தான், ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி). யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் கொல்லப்பட்டதும், அபூபக்கர் (ரலி) கவலைப்பட்டு ஸைத் பின் ஸாபித் (ரலி) மூலம் குர்ஆன் முழுவதையும் ஏடுகளில் திரட்ட வைத்தார். அந்த ஏடுகள் அபூபக்கரிடம் இருந்து, அவருக்குப் பின் உமரிடம் வந்து, உமர் மறைந்ததும் ஹஃப்ஸாவிடம் வந்து சேர்ந்தன. உஸ்மான் (ரலி) கலீஃபாவாகி ஊர் ஊருக்கு ஒரே மாதிரியான பிரதி அனுப்ப முடிவு செய்தபோது, அந்த ஏடுகளைத் தந்தால் படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம் என்று ஹஃப்ஸாவிடம்தான் ஆள் அனுப்பினார். அவர் கொடுத்தார், படியெடுத்து முடிந்ததும் ஏடுகள் திரும்ப அவரிடமே வந்தன. இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் முஸ்ஹஃபின் (குர்ஆன் பிரதியின்) வரலாற்றில் இப்படி ஒரு பெண்ணின் வீடு இருக்கிறது.

உம்மு ஸலமா (ரலி) பற்றி ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன். 628ல் ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்தபோது, உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டியதாயிற்றே என்று சஹாபாக்கள் (நபித்தோழர்கள்) மனம் உடைந்து போயிருந்தார்கள். குர்பானி கொடுத்துத் தலைமுடியை மழியுங்கள் என்று நபியவர்கள் மூன்று முறை சொல்லியும் யாரும் எழவில்லை. கூடாரத்துக்குள் வந்து வருத்தத்தைச் சொன்னபோது உம்மு ஸலமா சொன்ன யோசனை இதுதான்: வெளியே போங்கள், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதீர்கள், உங்கள் பிராணியை அறுத்து, உங்கள் முடியை மழித்துக்கொள்ளுங்கள். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து தாங்களும் செய்தார்கள்.

அப்புறம் ஆயிஷா நாயகி. அவரைத்தான் எல்லோருக்கும் தெரியுமே என்பீர்கள். பெயர் தெரியும், சரி. அவர் அறிவித்த ஹதீஸ்கள் 2,210 என்பது மரபான கணக்கு, அதிகம் அறிவித்தவர்களில் நான்காம் இடம். எனக்கு அந்த எண்ணிக்கையை விட முக்கியமாகப் படுவது அவர் செய்த திருத்தங்கள். குடும்பத்தார் அழுவதால் இறந்தவர் வேதனை செய்யப்படுகிறார் என்று இப்னு உமர் (ரலி) அறிவித்தது காதுக்கு வந்ததும், ‘ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார்’ என்ற குர்ஆன் வசனத்தை எடுத்து வைத்து, அவர் தவறாக விளங்கிக்கொண்டார் என்றார். நாய், கழுதை, பெண் ஆகியவை குறுக்கே போனால் தொழுகை முறியும் என்று சிலர் பேசியபோது, எங்களைக் கழுதைகளுக்கும் நாய்களுக்கும் ஒப்பாக்கி விட்டீர்களே என்று கேட்டுவிட்டு, நான் முன்னால் படுத்திருக்க நபியவர்கள் தொழுதிருக்கிறார்களே என்று தாம் கண்டதைச் சொன்னார். இது இமாம் புகாரியின் ‘ஸஹீஹுல் புகாரி’ என்ற ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. ஒரு செய்தி காதில் விழுந்தால் அதைக் குர்ஆனோடும், நேரில் கண்டதோடும் உரசிப் பார்ப்பதை அவர் அந்தத் தலைமுறைக்கே காட்டிக் கொடுத்தார். சஹாபாக்களை அவர் திருத்திய இடங்களை மட்டும் திரட்டி இமாம் ஸர்கஷீ பிற்காலத்தில் தனி நூலே எழுதியிருக்கிறார்.

ஆயிஷா நாயகியின் மடியில் வளர்ந்தவர் அம்ரா பின்த் அப்துர் ரஹ்மான். நம் ஊர் மேடைகளில் இந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை, அந்த வருத்தத்தில்தான் இவரிடம் கொஞ்சம் நேரம் நிற்கிறேன். ஹதீஸ் கலையின் தூண்களில் ஒருவரான இப்னு ஷிஹாப் ஸுஹ்ரி இளைஞராக இருந்தபோது, காஸிம் பின் முஹம்மது அவரிடம், அறிவு தேடும் ஆசை உனக்கு இருக்கிறது, அது நிறைந்திருக்கும் பாத்திரத்தைக் காட்டட்டுமா, அம்ராவிடம் போ என்றார். ஸுஹ்ரி போனார். வற்றாத கடலைக் கண்டேன் என்று பின்னாளில் சொன்னார். 717 முதல் 720 வரை ஆண்ட கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ், அறிஞர்கள் மறைந்து அறிவும் மறைந்துவிடுமோ என்று பயந்து மதீனாவில் இருந்த அபூபக்கர் பின் ஹஸ்முக்குக் கடிதம் எழுதினார். நபியவர்களின் ஹதீஸ்களைத் தேடி எழுதி வையுங்கள் என்ற அந்த உத்தரவில் அம்ராவின் ஹதீஸை எழுதுங்கள் என்று பெயர் குறிப்பிட்டே சொன்னார்.

அந்த அபூபக்கர் பின் ஹஸ்மு அம்ராவுக்குச் சகோதரி மகன் முறை. இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு வழக்கு வருகிறது. நபத்தி இனத்தைச் சேர்ந்த ஒருவன் சில இரும்பு வளையங்களைத் திருடிவிட்டான். அபூபக்கர் அவனைப் பிடித்து அடைத்து, கையை வெட்டத் தயாராகிவிட்டார். செய்தி அம்ராவின் வீட்டுக்குப் போகிறது. அவர் உமைய்யா என்ற பணிப்பெண்ணை அனுப்புகிறார். ஆட்கள் சூழ உட்கார்ந்திருக்கும் அபூபக்கரிடம் அந்தப் பெண் வந்து, உங்கள் சின்னம்மா அம்ரா கேட்கிறார், ஓர் அற்பப் பொருளுக்காக ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறாயாமே, கையை வெட்டப் போகிறாயா என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறார் அவர். கால் தீனாரும் அதற்கு மேலும் என்றால்தான் கையை வெட்ட வேண்டும் என்று அம்ரா சொல்லியனுப்பினார் என்கிறாள். நான் அவனை விட்டுவிட்டேன் என்று அபூபக்கரே சொல்லி முடிக்கிறார். அதிகாரத்தில் இருந்தவர் அவர். சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர் வீட்டில் இருந்த சின்னம்மா. யார், எந்த ஊர் என்றுகூடப் பெயர் பதிவாகாத ஒரு மனிதனின் கை தப்பியது.

அம்ராவின் காலத்துக்குப் பிறகு சுமார் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பெண் அறிவிப்பாளர்கள் மிகவும் குறைந்து போகிறார்கள். இதை மறைத்துப் பேசக் கூடாது. ஹதீஸ் அப்போது முழுநேரக் கலையாகிவிட்டது. ஒரே ஒரு ஹதீஸுக்காக பஸ்ராவிலிருந்து டமாஸ்கஸ், அங்கிருந்து எகிப்து என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். வீட்டையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தனியாக அப்படி அலைய எத்தனை பெண்களால் முடியும்? பின்னர் ஹதீஸ்கள் தொகுக்கப்பட்டு நூல்களாக நிலைபெற்றன. நூலைச் சரியான ஆசிரியரிடம் கேட்டு, சரியான பிரதியைக் காப்பாற்றி, அடுத்தவருக்கு ஓதிக் கொடுப்பதே முக்கியமான வேலையாயிற்று. பெண்கள் மீண்டும் வந்தார்கள், இந்த முறை பெரிய அளவில்.

அப்படி வந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் கரீமா அல் மர்வஸிய்யா. மர்வு நகரத்துப் பக்கம் குஷ்மிஹன் என்ற ஊரைச் சேர்ந்த குடும்பம். அந்த ஊர் அறிஞர் அபுல் ஹைஸம் குஷ்மிஹனியிடம் ஸஹீஹுல் புகாரியைக் கேட்டுப் பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. மக்காவில் குடியேறி, ஹஜ்ஜுக்கு வரும் அறிஞர்களுக்குப் புகாரியை ஓதிக் கொடுத்தார். பக்தாத் வரலாற்றாசிரியர் கதீப் பக்தாதி ஹஜ்ஜுக்கு வந்தபோது, திரும்ப வருபவற்றையும் சேர்த்தால் 7,000க்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் கொண்ட அந்த நூலை ஐந்தே நாட்களில் இவரிடம் வாசித்து முடித்தார். கரீமா நீண்ட ஆயுள் வாழ்ந்து ஹிஜ்ரி 463ல் (கி.பி. 1071 வாக்கில்) மறைந்தார்.

அவரைப் பற்றி மாணவர் ஒருவர் சொன்னதைப் படித்ததிலிருந்து அவர் என் கண் முன்னாலேயே இருக்கிறார். அபுல் கனாயிம் என்ற அந்த மாணவர் வந்தபோது, கரீமா தம் பிரதியை எடுத்துக் கொடுத்தார். அவர் எதிரில் உட்கார்ந்து ஏழு ஏடுகள் எழுதினார். எழுதியதைத் தாமே தனியாக மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்று எண்ணினார். கரீமா விடவில்லை. என்னோடு உட்கார்ந்து ஒப்பிட்டால்தான் ஆயிற்று என்றார். அப்படியே இருவரும் உட்கார்ந்து ஒப்பிட்டார்கள். ஓர் எழுத்து இடம் மாறினாலும் பொருள் மாறிவிடும் என்று தெரிந்த ஆசிரியரின் பிடிவாதம் அது. அதன் பலனை இன்றும் பார்க்கலாம். புகாரி விரிவுரைகளில் எல்லோரும் முதலில் புரட்டும் ஃபத்ஹுல் பாரியில், இந்தச் சொல் கரீமாவின் அறிவிப்பில் இப்படி வருகிறது என்று இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி எத்தனையோ இடங்களில் குறித்துக்கொண்டே போகிறார். கரீமாவுக்கும் அவருக்கும் நடுவே ஏறக்குறைய நானூறு ஆண்டுகள்.

சட்டத் துறையில் ஒருவர் வேண்டுமென்றால் ஃபாத்திமா ஸமர்கந்தியைச் சொல்லுங்கள். தந்தை அலாவுத்தீன் ஸமர்கந்தி ஹனஃபி சட்டப் பள்ளியின் பெரிய அறிஞர். அவருடைய துஹ்ஃபா என்ற நூலை மகள் மனனமாக வைத்திருந்தார். பெண் கேட்டு அரச குடும்பங்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தும் தந்தை கொடுக்கவில்லை. மாணவர் காஸானி அந்த நூலுக்கு விரிவுரை எழுதிக் கொண்டுவந்து காட்டினார். தந்தை மகிழ்ந்து அதையே மஹராக (மணக்கொடையாக) ஏற்று மகளைக் கட்டிக் கொடுத்தார். அதற்கு முன்பு அந்த வீட்டிலிருந்து போன ஃபத்வாக்களில் (மார்க்கத் தீர்ப்புகளில்) தந்தை, மகள் இருவர் கையெழுத்தும் இருக்கும். திருமணத்துக்குப் பிறகு மூன்றாவதாக மருமகன் கையெழுத்தும் சேர்ந்தது. கணவர் ஃபத்வாவில் தவறினால் ஃபாத்திமா திருத்துவார், காரணத்தையும் சொல்லுவார், அவரும் ஏற்றுக்கொள்வார். ஹலப் (அலெப்போ) நகரில் வாழ்ந்தபோது சுல்தான் நூருத்தீன் ஸன்கி இவரிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார். ரமலானில் மத்ரஸாவில் இருந்த அறிஞர்களுக்கு நோன்பு திறக்க உணவு கொடுக்க வேண்டும் என்று கை வளையல்களை விற்றதையும் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். மனைவி இறந்த பிறகு காஸானி தாம் சாகும் வரை ஒவ்வொரு வெள்ளி இரவும் அவர் கப்ரை (அடக்கத்தலத்தை) ஸியாரத் செய்யத் தவறவில்லை.

அடுத்தது டமாஸ்கஸ். இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். ஹதீஸில் இஸ்னாது என்ற அறிவிப்பாளர் தொடர் இருக்கிறதல்லவா, அதில் நடுவே ஆட்கள் குறையக் குறைய மதிப்புக் கூடும். அதனால் வயதான ஆசிரியரிடம் சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பார்கள், அவர்கள் பெயரில் இஜாஸா, அதாவது அறிவிக்கும் அனுமதி, வாங்கி வைப்பார்கள். அந்தக் குழந்தை நீண்ட நாள் வாழ்ந்தால், முதுமையில் அவரிடம் உலகமே வந்து நிற்கும். ஸைனப் பின்த் அல் கமால் அப்படி 94 வயது வாழ்ந்தவர், 1339ல் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். அவரிடம் இருந்த இஜாஸாக்கள் ஓர் ஒட்டகச் சுமை என்று வரலாற்றாசிரியர் தஹபி எழுதுகிறார். மாணவர்கள் நாளின் பெரும்பகுதி அவர் முன்னால் வாசித்துக்கொண்டே இருப்பார்களாம், அவரும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பாராம். அவர் இறந்ததும் இஸ்னாதில் நடுவே ஓர் ஆள் கூடி, மக்கள் ஒரு படி கீழே இறங்கிவிட்டார்கள்.

அதே டமாஸ்கஸில் ஆயிஷா பின்த் அப்துல் ஹாதி. நான்கு வயதில், நூறு வயதைத் தாண்டிய ஹஜ்ஜார் என்ற முதியவரிடம் புகாரியைக் கேட்க உட்கார வைக்கப்பட்டவர். ஹஜ்ஜாரிடம் கேட்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்து, கடைசியில் இவர் மட்டும் மிஞ்சினார். 1413ல் இறந்தார். இமாம் புகாரி இறந்தது 870ல். இடையில் 543 ஆண்டுகள். இமாமுக்கும் இந்த அம்மையாருக்கும் நடுவே எத்தனை பேர் தெரியுமா? ஃபிரப்ரி, ஸரக்ஸி, தாவூதி, அபுல் வக்த், ஸபீதி, ஹஜ்ஜார். ஆறே பேர்! மேலே சொன்ன இப்னு ஹஜர் இவரிடம் வந்து பல நூல்களை வாசித்திருக்கிறார். அந்தப் பெரிய இமாம் பெண்களிடம் படிப்பதை ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவர், தம் அக்காவைப் பற்றி எழுதும்போது, என் தாய்க்குப் பிறகு அவரே என் தாய் என்கிறார்.

ஸைனபிடம் இஜாஸா பெற்றவர்களில் ஒருவர் பெயரைச் சொன்னால் உங்கள் மகளும் நிமிர்ந்து உட்காருவாள்: உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா. 1326ல் டமாஸ்கஸ் வழியாகப் போனபோது, தமக்கு இஜாஸா தந்தவர்கள் பட்டியலில் ஸைனபின் பெயரையும் எழுதியிருக்கிறார். அவரே 1343-44ல் மாலத்தீவில் காழியாக (நீதிபதியாக) இருந்தபோது, இந்தத் தீவுகளின் அதிசயங்களில் ஒன்று ஆள்பவர் ஒரு பெண் என்பது என்று குறித்து வைத்தார். கதீஜா என்ற அந்த அரசியின் பெயரில்தான் ஜும்ஆவில் குத்பா (சொற்பொழிவு) ஓதப்பட்டது. அங்கிருந்து அவர் இலங்கைக்கும், பிறகு மதுரை சுல்தானிடமும் வந்தது நமக்குத் தெரிந்த கதை.

இத்தனை பேர் இருந்தும் ஏன் நமக்குப் பெயர் தெரியவில்லை? இவர்களில் பலர் நூல் எழுதவில்லை, ஓதிக் கொடுத்தார்கள். நூல் எழுதியவர் பெயர் அட்டையில் நிற்கும். ஓதிக் கொடுத்தவர் பெயர் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில், யார் யார் எந்த நாளில் யாரிடம் கேட்டார்கள் என்ற சிறு குறிப்பில் கிடக்கும். அதைத் தேடிப் போனவர்களுக்குத்தான் தெரியும். 15ஆம் நூற்றாண்டு அறிஞர் ஸகாவி தம் காலத்து மனிதர்களைப் பற்றி எழுதிய பெருநூலின் கடைசிப் பாகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். நம் காலத்தில் உத்தரப் பிரதேசத்து ஜவுன்பூரில் பிறந்த அக்ரம் நத்வி, பெண் ஹதீஸ் அறிஞர்களைப் பற்றி ஒரு சிறு நூல் போதும் என்று நினைத்துத் தேடத் தொடங்கினார். ஏறக்குறைய 10,000 பெண்கள், 43 பாகங்கள் என்று வந்து நின்றது. தஹபி சொன்ன ஒன்றையும் மகளிடம் சொல்லுங்கள். பலவீனமான அறிவிப்பாளர்களை ஈவு இரக்கமில்லாமல் அடையாளம் காட்டிய மனிதர் அவர். பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண் அறிவிப்பாளர் ஒருவரைக்கூட நான் அறியேன் என்று எழுதியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் 859ல் கரவிய்யீன் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் ஃபாத்திமா ஃபிஹ்ரி என்று வாட்ஸப்பில் அடிக்கடி வரும். அவர் பள்ளிவாசல் கட்டினார் என்ற செய்தி நமக்கு 14ஆம் நூற்றாண்டு வரலாற்று நூலிலிருந்து கிடைக்கிறது, அதை ஆய்வாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இடம் கல்விக்கூடமாக வளர்ந்ததும் பின்னால்தான். சொல்வதானால் ‘என்று சொல்லப்படுகிறது’ என்று சேர்த்துச் சொல்லட்டும். கட்டியவர் ஒருவர் வேண்டுமென்றால் ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா இருக்கிறார். கூஃபாவிலிருந்து மக்கா வரை பாலைவனத்தில் 1,400 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஹஜ் பாதையில் கிணறுகளும் குளங்களும் அமைக்க வைத்தவர். மக்காவுக்கும் அரஃபாவுக்கும் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய் இன்றும் ஐன் ஸுபைதா என்றே அழைக்கப்படுகிறது.

காலத்தால் நமக்கு நெருக்கமான ஒருவரையும் விட்டுவிட மனமில்லை. இன்றைய வட நைஜீரியாவில், ஸொகோட்டோவில் வாழ்ந்த நானா அஸ்மாவு (1793–1864). அரபி, ஃபுல்ஃபுல்டே, ஹவுஸா மூன்று மொழிகளிலும் கவிதை எழுதினார். அந்தக் கவிதைகள் பாடப் புத்தகத்தின் வேலையையும் செய்தன. கிராமத்துப் பெண்கள் படிக்க நகரத்துக்கு வர முடியாது என்பதால், பெண் ஆசிரியைகளைப் பழக்கி கிராமங்களுக்கு அனுப்பினார். தலைவியாக வரும் ஆசிரியைக்கு ஒரு தொப்பியும் தலையில் கட்டச் சிவப்புத் துணியும் அடையாளம். அவர்கள் கவிதையை மனனமாகச் சொல்லி, பொருள் சொல்லி, தொழுகையும் மார்க்கமும் கற்றுக்கொடுத்தார்கள். ‘யன் தாரு’ என்ற அந்த அமைப்பு இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. இதைப் படித்தபோது, சிறு வயதில் திண்ணையில் எங்களை வரிசையாக உட்கார வைத்து அலிஃப், பே ஓதிக் கொடுத்த பெரியம்மாவின் குரல்தான் எனக்குக் கேட்டது.

நம் தமிழில் என்று கேட்டால் நாகூர் சித்தி ஜுனைதா பேகம். 1938ல் ‘காதலா கடமையா’ நாவலை வெளியிட்டவர், அதற்கு உ.வே. சாமிநாதையர் மதிப்புரை தந்திருக்கிறார். ஒரு முஸ்லிம் பெண் தன் பெயரைப் போட்டு நாவல் எழுதுவது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை.

கடைசியாகப் பேச்சுப் போட்டிக்கு. ஐந்து நிமிடம்தான் தருவார்கள் என்றால் இத்தனை பெயர்களையும் திணிக்க வேண்டாம், கேட்பவர் மனதில் ஒன்றும் தங்காது. அம்ராவின் இரும்பு வளைய வழக்கோடு தொடங்கட்டும். அடுத்து ஏழு ஏடுகளை ஒப்பிட உட்கார்ந்த கரீமாவைச் சொல்லட்டும். நேரம் மிஞ்சினால் அந்த ஆறு பெயர்களையும் விரல் விட்டு எண்ணி, நான்கு வயதில் புகாரி கேட்ட ஆயிஷாவைச் சொல்லட்டும். ஃபிரப்ரி, ஸரக்ஸி என்ற பெயர்கள் நாக்கில் புரளக் கொஞ்சம் சிரமப்படும், நான்கைந்து முறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.